வண்டி யோசிக்கிறது

வத்தலக்குண்டு தாண்டித் தேனி நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று, சாலையின் அகலம் முழுவதும் தனக்கே என்பதுபோல, 40 கிலோமீட்டர் வேகத்தில் அசைந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் வெறுமையாக இருந்தது. வலதுபக்கம் ஒதுங்கி ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தேன். எஞ்சினின் சத்தம் உயர்ந்தது, வண்டி உயரவில்லை. ஒரு விநாடி, அல்லது அதற்குச் சற்றே கூடுதலாக, லாரியின் பின்சக்கரத்துக்கு அருகிலேயே தொங்கிக்கொண்டிருந்தோம். அதற்குள் வளைவிலிருந்து பேருந்து ஒன்று தலைகாட்டியது. பிரேக்கை அழுத்தி மீண்டும் வைக்கோலுக்குப் பின்னால் ஒடுங்கினேன்.

பக்கத்திலிருந்த சித்தப்பா பதறவில்லை. முப்பது வருடம் அம்பாசிடர் ஓட்டியவர் அவர். சற்றுநேரம் கழித்து, "என்னடா, உன் வண்டி யோசிக்குது?" என்று மட்டும் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் சர்வீஸ் நிலையத்தில் கேட்டேன். அங்கிருந்த இளைஞர் வண்டியைக் கணினியில் மாட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு ஃபால்ட்டும் இல்ல சார். சிவிடின்னா அப்படித்தான்" என்றார். அந்த வாக்கியத்தை ஓராண்டாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அது பொய்யல்ல. ஆனால் "அப்படித்தான்" என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு விஷயங்கள் பூட்டிவைக்கப்பட்டிருக்கின்றன என்பது அதைச் சொன்னவருக்கும் தெரியாது, கேட்டவனுக்கும் தெரியாது. அந்தச் சொல்லைத் திறந்துபார்க்கும் முயற்சிதான் இக்கட்டுரை. காரைப் பற்றி ஓர் இலக்கியப் பக்கத்தில் என்ன பேச்சு என்று கேட்பவர்களுக்கு: அந்தச் சாலையில் 40 கிலோமீட்டரில் நான் போகும்போது, 70 கிலோமீட்டரில் எதிரே வரும் பேருந்து விநாடிக்கு 30 மீட்டர் என்னை நெருங்குகிறது. அந்த 30 மீட்டரைப் பற்றித்தான் பேசுகிறேன்.

*

சிவிடி என்பது படிகள் இல்லாத கியர்பெட்டி. சாதாரண கியர்பெட்டியில் ஐந்தோ ஆறோ பல்சக்கர ஜோடிகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவேண்டும். சிவிடியில் பல்சக்கரங்களின் இடத்தில் இரண்டு கப்பிகள். ஒவ்வொரு கப்பியும் எதிரெதிராக வைத்த இரு கூம்புகளால் ஆனது. கூம்புகள் நெருங்கினால் இடையிலிருக்கும் பெல்ட் மேலேறிப் பெரிய வட்டத்தில் சுற்றும். விலகினால் உள்ளிறங்கிச் சிறிய வட்டத்தில் சுற்றும். ஒரு கப்பி இறுகும்போது மற்றது தளரும். இவ்வாறு கியர் விகிதம் படிப்படியாகத் தாவாமல் வழுக்கிக்கொண்டு மாறுகிறது. ஆர்மோனியத்துக்கும் வயலினுக்கும் உள்ள வேறுபாடு என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைக் காரில் பெரிய அளவில் கொண்டுவந்தவர் ஹாலந்துக்காரரான ஹப் வான் டோர்ன். ஐந்தோவன் நகரின் டாஃப் நிறுவனம் 1958ல் வெளியிட்ட டாஃப் 600 என்ற சிறிய கார், 590 சிசி எஞ்சினும் ரப்பர் பெல்ட்டும் கொண்டது. அந்த அமைப்பில் வண்டி முன்னால் எவ்வளவு வேகமாகப் போகுமோ அவ்வளவு வேகமாகப் பின்னாலும் போகும். ஹாலந்தில் இந்தக் கார்களை வைத்துப் பின்னோக்கி ஓட்டும் பந்தயங்களே நடந்தன. பின்னர் ரப்பர் போய் எஃகு வந்தது. இன்றைய கார்களில் பரவலாக உள்ள பெல்ட், மெல்லிய எஃகு வளையங்களில் கோத்த சுமார் 400 எஃகுத் துண்டுகளின் மாலை. விசித்திரம் என்னவென்றால் இந்தப் பெல்ட் இழுப்பதில்லை, தள்ளுகிறது. துண்டுகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளியே விசை கடத்தப்படுகிறது. அந்த மாலையைக் கப்பியோடு பிடித்துவைத்திருப்பது எண்ணெயின் அழுத்தம் மட்டுமே.

இப்போது நான் ஆக்ஸிலேட்டரை மிதித்த அந்தக் கணத்துக்கு வருவோம்.

நிதானமாக ஓடும்போது சிவிடியின் கணினி எஞ்சினை மிகக் குறைந்த சுழற்சியில் வைத்திருக்கும். நிமிடத்துக்கு 1500 சுற்று என்று கொள்வோம். பெட்ரோல் மிச்சமாவது அங்கேதான். ஆனால் எஞ்சினின் முழு பலம் இருப்பது 4500, 5500 சுற்றுகளில். என் பாதம் கேட்டது பலத்தை. எனவே எஞ்சின் முதலில் 1500லிருந்து 4500க்கு ஏறவேண்டும். இந்த ஏற்றம் இலவசமல்ல. எஞ்சினின் சுழலும் பாகங்களுக்கு நிலைமம் இருக்கிறது. அவற்றைச் சுழற்றவே ஆற்றல் வேண்டும். சிறிய கார் ஒன்றுக்கு அந்த நிலைமத்தை 0.2 கிலோகிராம் சதுர மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், இந்த ஏற்றத்துக்குச் சுமார் 20 கிலோஜூல் செலவாகிறது. ஒரு டன் எடையை இரண்டு மீட்டர் உயரம் தூக்குவதற்கான ஆற்றல் அது.

அதை அரை விநாடியில் முடிக்கவேண்டுமென்றால் சராசரியாக 40 கிலோவாட் வீதம் தேவை. 1500 சுற்றில் இத்தகைய எஞ்சினால் தரமுடிவது சுமார் 16 கிலோவாட்தான். சுழற்சி ஏற ஏற அதன் கை நீளும் என்றாலும், தொடக்கத்தில் மிச்சத்தை யார் தருவது? ஓடிக்கொண்டிருக்கும் வண்டியே தரவேண்டும். அதாவது வேகமெடுக்கக் கேட்ட கணத்தில், அவசரப்படும் சிவிடி சக்கரங்களிடமிருந்து கடன் வாங்குகிறது. முன்னேறவேண்டிய வண்டி ஓர் இமைப்பொழுது பின்னுக்கு இழுபடுகிறது. இது கற்பனையல்ல, கட்டுப்பாட்டுப் பொறியியல் நன்கறிந்த விஷயம். 2000ஆம் ஆண்டை ஒட்டி, டாஃப் பிறந்த அதே ஐந்தோவன் நகரத்தின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், இந்தக் கடனை அடைப்பதற்கென்றே ஒரு ஃப்ளைவீலைச் சேர்த்து, எஞ்சின் ஏறும்போது தன் சேமிப்பிலிருந்து ஆற்றலைக் கொடுக்கும்படி ஓர் அமைப்பை உருவாக்கிக் காரில் பொருத்திக் காட்டினார்கள். சந்தைக் கார்களில் அது இடம்பிடிக்கவில்லை.

ஆகவே கார் செய்பவர்கள் ஏற்றத்தை மெதுவாக்குகிறார்கள். அரை விநாடியை ஒரு விநாடியாக நீட்டினால் வண்டி பின்னுக்கு இழுபடாது, தொங்கும். இதோடு வேறு சில தாமதங்களும் சேர்கின்றன. இன்றைய ஆக்ஸிலேட்டர் எஞ்சினோடு கம்பியால் கட்டப்பட்டதல்ல. பாதம் ஒரு விண்ணப்பத்தை அனுப்புகிறது; கணினி அதைப் படித்து முடிவெடுக்கிறது. எண்ணெய் அழுத்தம் போதிய அளவு ஏறுவதற்குமுன் எஞ்சின் தன் முழு பலத்தைத் தள்ளினால் எஃகு மாலை வழுக்கிக் கப்பியில் கீறல் விழும். எனவே பிடி இறுகும்வரை எஞ்சினைக் கொஞ்சம் அடக்கிவைக்க வேண்டியிருக்கிறது. டர்போ எஞ்சினாக இருந்தால் அதன் காற்று அழுத்தம் எழவும் நேரம் ஆகிறது. இவை அனைத்தும் சேர்ந்த தொகைதான் சித்தப்பா சொன்ன "யோசிப்பு".

*

அப்படியானால் குற்றவாளி சிவிடியா? இல்லை என்பதற்கு இரண்டு சாட்சிகள்.

முதல் சாட்சி நம் வீட்டு வாசலில் நிற்கிறது. பெட்ரோலில் ஓடும் கியரில்லா ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் சிவிடிதான். கப்பிக்குள் சிறிய உருளைகள். சுழற்சி கூடினால் அவை வெளிப்பக்கம் ஒதுங்கிக் கூம்பை நெருக்கும். அவ்வளவுதான், கணினி ஏதுமில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கூட்டரில் கைப்பிடியைத் திருகினால் பெரும்பாலும் உடனே பாய்கிறது. காரணம், அதன் சிறிய எஞ்சின் எப்போதும் பலம் உள்ள சுழற்சிக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது. அதன் நிலைமமும் சிறிது. பந்தய ஆசை கொண்ட பையன்கள் இந்த உருளைகளை எடை குறைந்தவையாக மாற்றிக்கொள்வதுண்டு. அப்போது எஞ்சின் இன்னும் உயர்ந்த சுழற்சியில் நிற்கும், பாய்ச்சல் கூடும், மைலேஜ் குறையும். சில கிராம் எடையில் அடங்கிவிடுகிறது அந்தப் பேரம்.

இரண்டாம் சாட்சி 1993ல் இங்கிலாந்தில் ஓடியது. வில்லியம்ஸ் அணி தன் ஃபார்முலா ஒன் காரில் சிவிடியைப் பொருத்தி, டேவிட் கூல்டார்டைக் கொண்டு சோதித்துப் பார்த்தது. எஞ்சின் எப்போதும் தன் உச்ச பலத்திலேயே நிற்க, வண்டி மட்டும் வேகமெடுத்தது. ஏறி இறங்காத ஒற்றைச் சுருதியில் அந்தக் கார் அலறிக்கொண்டு சுற்றியதை இன்றும் காணொளியில் கேட்கலாம். பந்தயத்தில் அது ஒருநாளும் ஓடவில்லை. 1994ன் விதிகள் நிலையான கியர்களையே அனுமதித்தன. சிவிடிக்குக் கதவு அடைக்கப்பட்டது. மற்றவர்களைத் தயங்கவைத்துவிடும் என்று அஞ்சப்பட்ட அதே கருவிதான் என் காரில் தயங்குகிறது.

ஒரே கருவி, மூன்று உடல்கள். ஸ்கூட்டரிலும் பந்தயக் காரிலும் எஞ்சின் விழித்தபடி நிற்கிறது. குடும்பக் காரில் மட்டும் அதைத் தூங்கவைத்திருக்கிறோம், பெட்ரோலுக்காக. தயக்கம் என்பது எஞ்சின் ஓய்வெடுக்கும் இடத்துக்கும் உழைக்கும் இடத்துக்கும் இடையிலுள்ள தூரம். அந்தத் தூரத்தை நீளமாக வைத்தது இயந்திரமல்ல. சிக்கனத்தை விரும்பிய மனிதர்கள். சிக்கனம் தவறல்ல. ஆனால் அதன் வட்டியை எந்த இடத்தில், எந்த நேரத்தில் செலுத்தவேண்டியிருக்கும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

சொல்லாமல் போனதற்கும் காரணம் உண்டு. நம் நாட்டில் கார் விளம்பரத்தில் முதலில் வருவது சான்றளிக்கப்பட்ட மைலேஜ். அந்த எண்ணைப் பெற நீண்டகாலமாகப் பின்பற்றப்பட்டுவரும் இந்திய ஓட்டச் சுழற்சியில் வேகமெடுத்தல் எல்லாம் மென்மையானது. உச்ச வேகமே 90 கிலோமீட்டர். திடீரென்று மிதிக்கும் கணம் அந்தச் சோதனையில் கிடையாது. இன்னொரு எண், நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டரை எட்டும் நேரம். அதிலும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைப் பாதம் கேட்டதற்கும் வண்டி கொடுத்ததற்கும் இடையிலான இடைவெளி தெரியாது. அந்த இடைவெளியைச் சொல்லும் எண் எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் என் கண்ணில் பட்டதில்லை. வாங்குமுன் ஓட்டிப்பார்க்கத் தருவதும் நகர நெரிசலில்தான். நெரிசலில் சிவிடி போல இதமான வண்டி வேறில்லை. குலுக்கலில்லை, இடது காலுக்கு வேலையில்லை. இருவழிச் சாலையில் வைக்கோல் லாரியைத் தாண்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

*

புகார்கள் வராமலில்லை. அதற்குத் தொழில் கண்டுபிடித்த மருந்துகளில் ஒன்று எனக்கு உவப்பானதல்ல. பல கார்களில் இப்போது சிவிடிக்குப் பொய்ப் படிகள் வைக்கிறார்கள். முழுதாக மிதித்தால் சுழற்சி ஏறி, சட்டென்று இறங்கி, மீண்டும் ஏறும். கியர் மாறுவதுபோலக் காதுக்குத் தோன்றும். கியரே இல்லாத பெட்டியில் கியர் மாறும் நாடகம். இதற்கு ஆதரவாக ஒரு நியாயம் சொல்வார்கள்: ஓட்டுபவன் காதால்தான் வேகத்தை அறிகிறான், சத்தம் ஓரிடத்திலும் வேகம் இன்னோரிடத்திலும் இருந்தால் அவன் குழம்புகிறான். இந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நாடகத்தால் நான் முதலில் மிதித்த கணத்தின் தாமதம் குறைவதில்லை. வலியிருக்கும் இடம் வேறு, தைலம் தேய்க்கும் இடம் வேறு. இதைவிட நேர்மையான வழி, 2018ல் டயோட்டா அறிவித்ததுபோல, கிளம்புவதற்கென்று உண்மையான பல்சக்கரக் கியர் ஒன்றை வைத்து, ஓட்டம் பிடித்தபின் பெல்ட்டுக்கு மாறுவது. அது கிளம்பும்போதுள்ள தயக்கத்தைப் போக்குகிறது. நடுவழித் தயக்கம் அதன்பிறகும் எஞ்சும் என்றாலும், அங்கே மாற்றப்பட்டது இயந்திரம், காதல்ல.

இவ்வளவு சொன்னபின் ஒன்றையும் பிரித்துச் சொல்லவேண்டும். எல்லாத் தயக்கமும் சுபாவமல்ல, சில நோய். ஆழமாக மிதிக்கும்போது ஒரு விநாடி தாமதித்து, பிறகு சீராக இழுத்தால் அது சுபாவம். சுழற்சி ஏறிக்கொண்டே போக வேகம் கூடவே இல்லையென்றால், நடுக்கமோ புதிதாக ஒரு முனகல் சத்தமோ சேர்ந்தால், முன்பில்லாத தயக்கம் சில மாதங்களில் வளர்ந்தால், அது நோய். எண்ணெய் கெட்டிருக்கலாம், பெல்ட் வழுக்கியிருக்கலாம். சிவிடிக்கு அதற்கென்றே உள்ள எண்ணெய்தான் ஊற்றவேண்டும். வேறு எண்ணெய் அதன் பிடியைக் கெடுத்துவிடும். நீண்ட மலையேற்றத்தில் வண்டி திடீரென்று சோர்ந்தால், எண்ணெய் சூடேறியதால் கணினி தானாகவே பலத்தைக் குறைத்திருக்கலாம். ஓரமாக நிறுத்தி ஆறவிடவேண்டும். வேகத்தில் வந்து சடாரென்று நின்று உடனே கிளம்பும்போது மட்டும் மந்தமாக இருந்தால், பெல்ட் தன் ஆரம்ப இடத்துக்குத் திரும்பிவரக் கப்பி சுற்றியிருக்கவில்லை என்று பொருள், அது பழுதல்ல. "சிவிடின்னா அப்படித்தான்" என்ற ஒற்றை வாக்கியம் இவை அனைத்தின்மீதும் ஒரே போர்வையைப் போர்த்துகிறது. நோயாளியும் ஆரோக்கியமானவரும் ஒரே பதிலுடன் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். என் புகார் அந்தப் போர்வையின்மீதுதான்.

*

சில மாதங்களுக்குப் பிறகு அதே சாலையில், சித்தப்பாவையே ஓட்டச் சொன்னேன். மறுபடியும் ஒரு லாரி. அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். லாரிக்குப் பின்னால் இருக்கும்போதே, இன்னும் வலப்பக்கம் ஒதுங்காமல், கியர்த் தண்டை 'எஸ்' என்று எழுதியிருந்த இடத்துக்கு இறக்கினார். எஞ்சின் சத்தம் எழுந்து நின்றது. போதிய இடைவெளி விட்டு, எதிர்ப்பக்கத்தைப் பார்த்து, பிறகுதான் ஒதுங்கினார். மிதியை ஓங்கி அடிக்காமல் சீராக அழுத்திப் பிடித்தார். வண்டி யோசிக்கவில்லை.

"எப்படி சித்தப்பா?" என்றேன்.

"அம்பாசிடர்ல நாலாவதுலயேவாடா முந்துவோம்? பின்னாடியே வச்சு மூணாவதுக்கு எறக்கிட்டுத்தான் வெளிய எடுப்போம். இதுவும் அதேதானே" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தயக்கம் சிவிடியோடு பிறந்ததல்ல. அம்பாசிடரிலும் அது இருந்தது. க்ளட்ச்சை மிதித்து, கியரை இறக்கி, எஞ்சினை ஏற்றி, மறுபடி பிடிக்கும்வரை அந்த வண்டியும் ஒரு விநாடி சும்மாதான் உருண்டது. ஆனால் அந்த விநாடி அவருடைய கையில் இருந்தது. அதை எப்போது செலவழிப்பது என்று அவரே தீர்மானித்தார். அதனால் அதைத் தாமதம் என்று யாரும் அழைக்கவில்லை. அனுபவம் என்று அழைத்தோம். பின்வந்த இயந்திரம் அந்த விநாடியைக் கையிலிருந்து வாங்கித் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டது. கியர் மாற்றும் தொல்லை போனது என்று மகிழ்ந்தோம். கூடவே அந்த விநாடியின்மீது நமக்கிருந்த உரிமையும் போனதை யாரும் குறிப்பிடவில்லை.

அதைத் திரும்பப் பெறுவது கடினமல்ல. ஒதுங்கும் முன்பே எஞ்சினை எழுப்பிவிடவேண்டும். எழுப்பியபின் மிதியை விட்டுவிட்டு அழுத்தாமல் ஒரே சீராகப் பிடிக்கவேண்டும். எழுப்ப நேரமில்லாத இடத்தில் முந்தக்கூடாது. மூன்றே வாக்கியங்கள். இவற்றை வண்டி விற்பவர் சாவியோடு சேர்த்துச் சொல்லலாம், கையேட்டின் முதல் பக்கத்தில் அச்சிடலாம், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளில் ஒரு மணிநேரம் ஒதுக்கிச் சொல்லித்தரலாம். பாதம் கேட்டதற்கும் சக்கரம் கொடுத்ததற்கும் இடையிலான நேரத்தை அளந்து, மைலேஜுக்குப் பக்கத்தில் இன்னோர் எண்ணாகப் போடும்படி சட்டம் கேட்கலாம். எதுவும் பெரிய செலவில்லை.

இயந்திரம் யோசிப்பதில் எனக்கு வருத்தமில்லை. அது யோசிக்கும் என்பதை எதிரே பேருந்து வரும்போதுதான் நான் தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது என்பதுதான் வருத்தம்.